மின்கம்பத்திலிருந்து தொடங்குங்கள்: மின்பொறியியல் மாணவர்க்கு விசையியல் கணக்குப் போடும் முறை

முதலாண்டில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பாடம் நடத்தப்படும்போது மின்பொறியியல் மாணவர் பலருக்கும் அது அடுத்த வீட்டுக்காரர் சமாச்சாரமாகவே தோன்றுகிறது. உத்தரம், சட்டகம், சாய்தளத்தில் வழுக்கும் கட்டை என்று புத்தகத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் கட்டட, இயந்திரப் பிரிவுகளைச் சேர்ந்தவை என்பதால் அந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. ஆனால் மின்சாரத்தைத் தாங்கி நிற்கும் கம்பம், அதைக் கொண்டுபோகும் கம்பி, தரைக்கடியில் இழுக்கப்படும் கேபிள், லிஃப்டைத் தூக்கும் மோட்டார் ஆகிய அனைத்தும் அந்தப் பாடத்தின் கணக்குகளாலேயே நிற்கின்றன, ஓடுகின்றன. மின்சுற்றுக் கணக்கை ஒழுங்காகப் போடத் தெரிந்த ஒருவருக்கு விசையியல் கணக்கின் பாதி வழி ஏற்கெனவே தெரியும் என்பதை இங்கே சில கணக்குகளின் வழியாகவே காட்ட முயல்கிறேன்.

எல்லைக்கோடு போடுவது

கிர்ச்சாஃப் 1845-இல் வெளியிட்ட மின்னோட்ட விதியை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு சந்திப்பைச் சுற்றி மனதுக்குள் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தை வெட்டிச் செல்லும் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு மின்னோட்டத்தைக் குறித்து, அவற்றின் கூட்டுத்தொகையைச் சுழியத்துக்குச் சமமாக்குகிறோம். விசையியலில் தனித்த பொருளின் விசைப்படம், அதாவது வகுப்பறையில் எஃப்.பி.டி. என்று சொல்லப்படுவது, இதே வேலைதான். ஆராய வேண்டிய பொருளைச் சுற்றி ஒரு மூடிய கோட்டை வரைந்து, அந்தக் கோட்டில் வெட்டுப்படும் கம்பி, கயிறு, தொட்டுக்கொண்டிருக்கும் தரை ஆகிய ஒவ்வொன்றின் இடத்திலும் ஓர் அம்புக்குறி போட வேண்டும். தொடாமலே செயல்படும் புவியீர்ப்பை மட்டும் மறக்காமல் தனியே சேர்க்க வேண்டும்.

போட்ட ஒவ்வோர் அம்புக்குறியையும் பார்த்து, "இந்த விசையை இந்தப் பொருளின் மேல் செலுத்துவது யார்?" என்று கேளுங்கள். பதில் கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு பொருளாக இருக்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டாலோ, பதிலாக அந்தப் பொருளே வந்து நின்றாலோ அம்புக்குறியை அழித்துவிடலாம். மாணவர் விடைத்தாளில் வரும் தவறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருபவை என்பது என் கணிப்பு.

திசை தெரியாத விசைக்கு ஏதோ ஒரு திசையை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணி மின்னோட்டத்துக்கு நாம் வலஞ்சுழித் திசையை வைத்துக்கொள்வதைப் போன்றதுதான் இதுவும். விடை எதிர்க்குறியில் வந்தால் உண்மைத் திசை மறுபக்கம் என்று பொருள். நடுவில் படத்தைத் திருத்தப் போனால்தான் கணக்கு குழம்பும்.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மின்னோட்டத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் போதும். விசைக்கு எவ்வளவு என்பதோடு எந்த உயரத்தில், எந்தக் கோட்டின் வழியாக என்பதும் வேண்டும். ஆகையால் ஒரு தளத்தில் அமைந்த கணக்குக்குக் கிடைமட்டக் கூட்டுத்தொகை, செங்குத்துக் கூட்டுத்தொகை ஆகியவற்றுடன் திருப்புத்திறன் சமன்பாடு மூன்றாவதாக வருகிறது. திருப்புத்திறன் என்பது விசையை, ஒரு புள்ளியிலிருந்து அந்த விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கியது. திருப்புத்திறனை எந்தப் புள்ளியைச் சுற்றி எடுப்பது என்பது நம் விருப்பம். தெரியாத விசைகள் அதிகமாகக் கூடும் புள்ளியை எடுத்தால் அவை எல்லாம் அந்தச் சமன்பாட்டிலிருந்து விழுந்துவிடும். சுற்றில் மேற்கோள் முனையைச் சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுப்பது போன்ற வசதி இது.

கடைசிக் கம்பமும் ஸ்டே கம்பியும்

ஒரு 11 கிலோவோல்ட் பாதை முடியும் இடத்தில் நிற்கும் கம்பத்தை எடுத்துக்கொள்வோம். கம்பத்தின் நீளம் 9 மீட்டர். அதில் ஆறில் ஒரு பங்கான 1.5 மீட்டர் மண்ணுக்குள் போக, வெளியே நிற்பது 7.5 மீட்டர். மூன்று மின்கம்பிகள் கிழக்கிலிருந்து வந்து தரைமட்டத்திலிருந்து 7.2 மீட்டர் உயரத்தில் முடிகின்றன. ஒவ்வொன்றின் இழுவிசையும் 3,000 நியூட்டன் என்றால் கம்பத்தைக் கிழக்கே இழுக்கும் மொத்த விசை 9,000 நியூட்டன்.

கம்பம் சாயாமல் இருக்க எதிர்ப்பக்கம் தரையோடு சாய்வாக இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். தரைமட்டத்தில் கம்பம் தாங்க வேண்டிய வளைவுத் திருப்புத்திறன் 9,000 × 7.2 = 64,800 நியூட்டன் மீட்டர். உச்சிக்கு 0.6 மீட்டர் கீழே 200 கிலோகிராம் வேலைச்சுமையைத் தாங்கும்படி வடிவமைத்த கான்கிரீட் கம்பம் இது என்று கொண்டால், அதற்கு அனுமதிக்கப்பட்ட திருப்புத்திறன் 200 × 9.81 × 6.9, அதாவது சுமார் 13,540 நியூட்டன் மீட்டர்தான். வருவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. மேற்குப் பக்கம் ஒரு ஸ்டே கம்பி இல்லாமல் இந்தக் கம்பம் நிற்காது.

இப்போது ஸ்டே கம்பியை 6.4 மீட்டர் உயரத்தில் கட்டுவோம். கம்பத்தைச் சுற்றி எல்லைக்கோடு போட்டால் அதை வெட்டுபவை மூன்று மின்கம்பிகளும் ஒரு ஸ்டே கம்பியும், தொடுவது தரை. கம்பத்தின் அடியைக் கீல்மூட்டு என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் புதைந்த அடி கொஞ்சம் திருப்புத்திறனைத் தாங்கும் என்றாலும் அந்த உதவியை எண்ணாமல் விடுவது பாதுகாப்பான பக்கம். அடிப்புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் தரையின் எதிர்விசையும், கம்பத்தின் அச்சு வழியே இறங்கும் எடையும் விழுந்துவிடுகின்றன. எஞ்சுவது ஒரே சமன்பாடு: ஸ்டே கம்பியின் கிடைமட்டக் கூறு × 6.4 = 9,000 × 7.2. கிடைமட்டக் கூறு 10,125 நியூட்டன்.

இங்கே நிறுத்தி, அடியில் தரை கொடுக்கும் கிடைமட்ட விசை எந்தப் பக்கம் என்று கணிக்காமல் ஊகித்துப் பாருங்கள். கம்பிகள் கிழக்கே இழுப்பதால் தரை மேற்கே தள்ளும் என்றுதான் பலரும் சொல்வார்கள். மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். மேற்கே 10,125, கிழக்கே 9,000 என்று கூட்டிப் பார்த்தால் தரை 1,125 நியூட்டனைக் கிழக்கு நோக்கியே தர வேண்டியிருக்கிறது. ஸ்டே கம்பி மின்கம்பிகளுக்குக் கீழே கட்டப்பட்டிருப்பதால் உச்சி கிழக்கே சாயப் பார்க்கும்போது அடி மேற்கே நழுவப் பார்க்கிறது என்பதே அதன் காரணம்.

அடுத்தது சாய்வு. ஸ்டே கம்பி கம்பத்தோடு 45 பாகைக் கோணத்தில் இறங்கினால் அதன் இழுவிசை 10,125 ÷ 0.707, அதாவது சுமார் 14,320 நியூட்டன். அதற்கு நங்கூரத்தைக் கம்பத்திலிருந்து 6.4 மீட்டர் தள்ளிப் புதைக்க வேண்டும். தெருவில் அவ்வளவு இடமில்லை, பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் தடுக்கிறது என்று 3.7 மீட்டரிலேயே புதைத்துவிட்டால் கோணம் 30 பாகையாகக் குறைகிறது. இழுவிசை 10,125 ÷ 0.5 = 20,250 நியூட்டனாக ஏறுகிறது. 3.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஏழு இழைகளை முறுக்கிய ஸ்டே கம்பியின் குறுக்குப் பரப்பு சுமார் 54.5 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன் தரத்தில் அது அறும் விசை ஏறத்தாழ 38,000 நியூட்டன். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் ஸ்டே கம்பிக்குக் குறைந்தது 2.5 என்ற பாதுகாப்புக் காரணியைக் கேட்டன. அதன்படி சுமத்தக்கூடியது சுமார் 15,200 நியூட்டன். 45 பாகையில் தேறிய அதே கம்பி, 30 பாகையில் தேறவில்லை. அதோடு கம்பத்தை நேர்கீழே அமுக்கும் விசையும் 10,125-இலிருந்து சுமார் 17,540 நியூட்டனாகக் கூடுகிறது. சுற்றுச்சுவருக்காக விட்டுக்கொடுத்த 2.7 மீட்டருக்கு விலை இது.

ஸ்டே கம்பி கட்டியபின் கம்பத்தில் எஞ்சும் மிகப்பெரிய வளைவுத் திருப்புத்திறன் 9,000 × 0.8 = 7,200 நியூட்டன் மீட்டர்; முன்பு இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு. அது தரைமட்டத்தில் இல்லாமல் ஸ்டே கட்டிய இடத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டே கம்பியின் நடுவில் தொங்கும் முட்டை இன்சுலேட்டரை அடுத்தமுறை உற்றுப் பாருங்கள். பீங்கான் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும்; இழுப்பைத் தாங்காது. ஆகவே மேல்பாதிக் கம்பியின் வளையமும் கீழ்ப்பாதிக் கம்பியின் வளையமும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளுமாறு துளைகளைக் குறுக்காக அமைத்திருக்கிறார்கள். கம்பி எவ்வளவு இழுத்தாலும் பீங்கான் நடுவில் அமுக்கப்படத்தான் செய்கிறது. பீங்கான் உடைந்தே போனாலும் வளையங்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு ஸ்டே அறுந்துவிழாமல் காக்கும். மின்காப்பும் விசையியலும் ஒரே கைப்பிடிப் பொருளில் கூடியதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்த 3,000 நியூட்டன் எங்கிருந்து வந்தது

மின்கம்பியின் இழுவிசையைத் தீர்மானிப்பது தொய்வு, அதாவது கட்டிய முனைகளின் மட்டத்திலிருந்து கம்பியின் நடுப்பகுதி கீழே தொங்கும் அளவு. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் தொங்கும் கம்பியை மிகத் தாழ்ந்த புள்ளியில் வெட்டி, ஒரு பாதிக்கு மட்டும் விசைப்படம் வரையுங்கள். வெட்டிய இடத்தில் இழுவிசை கிடைமட்டமாக இருக்கிறது. பாதிக் கம்பியின் எடை, இடைத்தூரத்தின் நாலில் ஒரு பங்கு தள்ளி, கீழ்நோக்கிச் செயல்படுகிறது. கம்பத்தில் கட்டிய முனையைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் இழுவிசை × தொய்வு = பாதி எடை × கால்பங்கு இடைத்தூரம் என்று ஒரே வரியில் சூத்திரம் வந்துவிடுகிறது: தொய்வு = ஒரு மீட்டர் கம்பியின் எடை × இடைத்தூரத்தின் வர்க்கம் ÷ (8 × இழுவிசை). மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ராபிட் என்ற பெயருள்ள எஃகு உள்ளீட்டு அலுமினியக் கம்பி கிலோமீட்டருக்கு 214 கிலோகிராம் எடை உடையது. ஒரு மீட்டருக்கு 2.1 நியூட்டன். இடைத்தூரம் 60 மீட்டர் எனில், 3,000 நியூட்டன் இழுவிசைக்குத் தொய்வு 0.315 மீட்டர். பார்வைக்கு விறைப்பாக இருக்கட்டும் என்று தொய்வை 10 சென்டிமீட்டராகக் குறைக்கச் சொன்னால் இழுவிசை 9,450 நியூட்டன் ஆகும். இந்தக் கம்பி அறும் விசை 18,250 நியூட்டன். மின்கம்பிக்கு விதி கேட்ட பாதுகாப்புக் காரணி 2 என்பதால் 9,125-க்கு மேல் போகக் கூடாது. இதில் காற்றின் தள்ளுதலோ, குளிரில் கம்பி சுருங்கி மேலும் விறைப்பதோ இன்னும் சேரவில்லை. முழுக்க நேராக இழுக்க வேண்டுமானால் சூத்திரம் கேட்பது முடிவிலி இழுவிசை. தொய்வு என்பது கம்பி இழுப்பவரின் சோம்பலால் வருவது என்று நினைப்பவர்களிடம் இந்த வகுத்தலைக் காட்டலாம்.

பாதை திரும்பும் இடத்தில் நிற்கும் கம்பத்துக்கும் கணக்கு இதே வகைதான். ஒரே இழுவிசையுள்ள இரண்டு கம்பிகளின் விளைவிசை, இழுவிசையின் இரு மடங்கைத் திரும்பும் கோணத்தில் பாதியின் சைனால் பெருக்கினால் கிடைக்கும். 60 பாகை திரும்பினால் ஓர் இழுவிசைக்குச் சமம். 120 பாகை திரும்பினால் அதன் √3 மடங்கு. மும்முனை மின்சாரத்தில் ஃபேஸ் வோல்டேஜிலிருந்து லைன் வோல்டேஜ் கண்டுபிடிக்க நீங்கள் வரைந்த அதே முக்கோணம் இது. ஃபேஸரில் கோணம் என்பது காலத்தின் பின்தங்கல், இங்கே அது தெருவின் திருப்பம் என்ற வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம்.

கேபிள் டிரம்மை எந்த முனையில் வைப்பது

உராய்வுப் பாடத்தில் பெல்ட்டைப் பற்றிப் படிக்கும் சூத்திரத்தை மின்துறையில் அதிகம் பயன்படுத்துவது கேபிள் இழுக்கும்போதுதான். வளைவைக் கடக்கும் கேபிளின் இழுவிசை, உராய்வுக் குணகத்தையும் ரேடியனில் சொன்ன வளைவுக் கோணத்தையும் பெருக்கி 2.718-இன் அடுக்காக வைத்தால் எவ்வளவோ, அத்தனை மடங்காகிறது. கெப்பாசிட்டர் மின்னேற்றத்தில் பார்த்த அதே அடுக்குக்குறிச் சார்பு. அங்கே காலம் இருந்த இடத்தில் இங்கே கோணம்.

உராய்வுக் குணகம் 0.5 எனில் ஒரு 90 பாகை வளைவு இழுவிசையை 2.19 மடங்காக்கும். அப்படி மூன்று வளைவுகள் வந்தால் ஆறரை மடங்கு என்று கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். அவை பெருகும், விடை பத்தரை மடங்கு. மசகு தடவிக் குணகத்தைப் பாதியாக்கினால் அதே மூன்று வளைவுகளுக்கு 3.25 மடங்கு மட்டுமே. மசகுக்குச் செலவழிக்கும் பணம் வீணில்லை என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

மீட்டருக்கு 5 கிலோகிராம் எடையுள்ள கேபிளை ஒரு குழாயில் இழுக்க வேண்டும். பாதையில் ஒரு பக்கம் 100 மீட்டர் நேர்நீளம், பிறகு ஒரு 90 பாகை வளைவு, அதன் பிறகு 20 மீட்டர் நேர்நீளம். நேர்நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் உராய்வு 5 × 9.81 × 0.5, அதாவது சுமார் 24.5 நியூட்டன். கேபிள் சுற்றியிருக்கும் டிரம்மை நீண்ட பக்கத்து முனையில் வைத்து மறுமுனையிலிருந்து இழுத்தால் வளைவை எட்டும்போது 2,450 நியூட்டன் சேர்ந்திருக்கும். வளைவு அதை 5,380 ஆக்கும். கடைசி 20 மீட்டர் இன்னொரு 490 சேர்க்க, இழுப்பவர் முனையில் சுமார் 5,870 நியூட்டன். டிரம்மைக் குறுகிய பக்கத்து முனைக்கு மாற்றினால் 490 மட்டுமே வளைவில் பெருகி 1,075 ஆகும். 100 மீட்டரைக் கடந்தபின் மொத்தம் சுமார் 3,530 நியூட்டன். கேபிளும் குழாயும் அப்படியே இருக்க, லாரியை நிறுத்தும் இடத்தை மாற்றியதால் மட்டும் நாற்பது விழுக்காடு குறைகிறது. வளைவு டிரம்முக்கு அருகில் இருக்கட்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது பெருக்கலும் கூட்டலும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைப் பற்றியதே.

மோட்டாரின் அச்சுக்கு மாற்றுவது

இயக்கவியல் பகுதியில் மின்பொறியாளருக்கு அதிகம் தேவைப்படுவது சுழற்சி. எறிபொருளையும் மோதலையும் தேர்வுக்காகப் படித்துக்கொள்ளலாம். சுழலும் பொருள் தன் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவான நிலைமத் திருப்புத்திறனுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். மோட்டாரும் சுமையும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது எல்லாவற்றையும் மோட்டார் அச்சுக்கு மாற்றிக்கொண்டே கணக்கைத் தொடங்க வேண்டும். இயக்க ஆற்றல் மாறக்கூடாது என்பதால் நிலைமத் திருப்புத்திறன் கியர் விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடுகிறது; திருப்புவிசை கியர் விகிதத்தால் மட்டும் வகுபடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பக்கத்து மின்தடையை மறுபக்கத்துக்கு மாற்றச் சுற்று விகிதத்தின் வர்க்கத்தைக் கையாண்டவருக்கு இது புதிதில்லை.

ஒரு லிஃப்டை எடுத்துக்கொள்வோம். கூண்டு 600 கிலோகிராம், முழுச் சுமை 400, எதிர்எடை 800. கப்பியின் ஆரம் 0.2 மீட்டர், கியர் விகிதம் 30, மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. மோட்டாரின் கோணத் திசைவேகம் நொடிக்கு 150.8 ரேடியன் என்பதால் கூண்டின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். கியர் இழப்பையும் சுழலியின் சொந்த நிலைமத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முழுச் சுமையுடன் ஏறும்போது புவியீர்ப்புக்காக மோட்டார் தர வேண்டியது எடைகளின் வேறுபாட்டுக்கு உரியது: 200 × 9.81 × 0.2 ÷ 30 = 13.1 நியூட்டன் மீட்டர். முடுக்கத்துக்காகத் தர வேண்டியதோ நிறைகளின் கூட்டுத்தொகைக்கு உரியது. 1,800 கிலோகிராமையும் நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகம் கூட்ட 1,800 × 0.2 ÷ 30 = 12 நியூட்டன் மீட்டர். புவியீர்ப்புக்குக் கழிக்கவும் நிலைமத்துக்குக் கூட்டவும் வேண்டும் என்ற இந்த இடத்தில்தான் பலரும் இரண்டிலும் கழித்துவிட்டு மோட்டாரைச் சிறிதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லைக்கோட்டைக் கூண்டுக்கு ஒன்று, எதிர்எடைக்கு ஒன்று, கப்பிக்கு ஒன்று எனத் தனித்தனியே போட்டால் இந்தத் தவறு வர வாய்ப்பில்லை. எதிர்எடையே இல்லாவிட்டால் இதே வேலைக்குப் புவியீர்ப்புக்கு 65.4, முடுக்கத்துக்கு 6.7 என்று மொத்தம் 72 நியூட்டன் மீட்டர் வேண்டியிருக்கும். எதிர்எடையுடன் 25 போதும்.

கூண்டு காலியாக இறங்கும்போது எதிர்எடைதான் மேலே போகிறது. வேறுபாடு மறுபடியும் 200 கிலோகிராம் என்பதால் மோட்டாருக்கு அதே 13.1. எதிர்எடையைக் கூண்டின் எடையோடு பாதிச் சுமையையும் சேர்த்து வைப்பதன் பயன் இது. முழுச் சுமையுடன் சீரான வேகத்தில் இறங்கும்போது மட்டும் திருப்புவிசையின் விடை −13.1 என்று வரும். தொடக்கத்தில் வைத்துக்கொண்ட திசைக்கு மாறாக வந்த விடையை அழித்துத் திருத்தாமல், அதைக் கோணத் திசைவேகத்தோடு பெருக்கிப் பாருங்கள்: −1,975 வாட். அந்த நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டராக ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வார்ம் கியர் லிஃப்டில் அதில் பெரும்பகுதி பற்களின் உராய்விலேயே சூடாகிப் போய்விடும். கியரற்ற லிஃப்டில், அதற்குரிய டிரைவ் இருந்தால், கட்டடத்தின் மின்சுற்றுக்கே திரும்பி வரும்.